மருந்துக்குப் பின் வரும் வயிற்றுப்போக்கு: சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்

நுரையீரல் அழற்சிக்காக எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் ஒன்பது நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். காய்ச்சல் நின்றிருந்தது. மூச்சுத்திணறல் நீங்கியிருந்தது. மேலும் ஐந்து நாள்களுக்குரிய மாத்திரைகளை எழுதிக்கொடுத்து அனுப்பினோம். வீட்டுக்குச் சென்ற ஆறாம் நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று குடும்பத்தினர் எண்ணினர். அருகிலிருந்த மருந்துக்கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தனர். போக்கு குறைந்தாற்போல் தோன்றியது. ஆனால் வயிறு உப்பத் தொடங்கியது. நான்காம் நாள் இரவு, இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்து, மயங்கிய நிலையில் அவர் மீண்டும் எங்களிடம் கொண்டுவரப்பட்டார்.

"நெஞ்சு சளிக்குத்தானே மருந்து குடுத்தீங்க, டாக்டர்? வயிறு எப்படிக் கெட்டுச்சு?" என்று அவருடைய மருமகள் கேட்டார்.

அக்கேள்விக்கான விடையை, அம்மையார் முதன்முறை வீடு திரும்பிய அன்றே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுத அதுவே காரணம்.

குடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை; செரிமானத்துக்கு உதவுவதோடு, தீய நுண்ணுயிர்கள் வேரூன்ற இடங்கொடாமலும் காக்கின்றன. பயிர் நெருங்கி நிற்கும் வயலில் களைக்கு இடமிராது என்பதை உழவர் அறிவர். குடலின் நிலையும் அத்தகையதே.

ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து நுரையீரலில் உள்ள கிருமியை மட்டும் தேடிச்சென்று அழிப்பதில்லை. அது உடலெங்கும் பரவிக் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. அவ்வாறு வெறுமையான நிலத்தில் முளைக்கும் களைதான் 'சி. டிஃபிசில்' என்று நாங்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் கிருமி. அது சுரக்கும் இரு நச்சுப்பொருள்கள் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியவை அதன் விளைவுகள். நோய் முற்றினால் பெருங்குடல் இயக்கமிழந்து வீங்கலாம், துளை விழலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இக்கிருமி 1935ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகளின் மலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு மிகவும் கடினமாக இருந்தமையால் 'கடினமானது' என்னும் பொருள்தரும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். நலமான கைக்குழந்தைகளிடம் இது எத்தீங்கும் செய்யாமல் இருப்பதுண்டு. ஆகவே, இதனை நோய்க்கிருமி என்று எவரும் நீண்டகாலம் ஐயுறவில்லை. ஆன்டிபயாட்டிக் மருந்துக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற அதன் பெயர் 2016ஆம் ஆண்டில் 'கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என மாற்றப்பட்டது. உங்கள் ஆய்வக அறிக்கையில் எப்பெயர் இருப்பினும் கிருமி ஒன்றே.

யாருக்கு வரக்கூடும்?

ஆன்டிபயாட்டிக் மருந்து உட்கொள்ளும் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. அம்மருந்தால் ஏற்படும் வயிற்றுப்போக்குகளில் பெரும்பாலானவை இக்கிருமியால் நேர்வனவும் அல்ல; மருந்து முடிந்ததும் தாமே நின்றுவிடும். எனினும் 65 வயதைக் கடந்தவர்கள், மருத்துவமனையில் நீண்ட நாள் தங்கியவர்கள், புற்றுநோய்க்கான மருந்தோ நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோ பெறுபவர்கள், நாட்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்கள், முன்பே ஒருமுறை இந்நோய்க்கு ஆளானவர்கள் ஆகியோர் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும்.

எந்த ஆன்டிபயாட்டிக் மருந்தும் இந்நோய்க்கு வழிவகுக்கலாம். கிளிண்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் வகை மருந்துகள், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஃபுளூரோகுவினோலோன் வகை மருந்துகள் ஆகியவற்றுக்குப் பின் இது மிகுதியாகக் காணப்படுகிறது. மருந்து உட்கொள்ளும் காலத்திலும், முடித்த முதல் மாதத்திலும் ஆபத்து அதிகம். அதன் பின்னர்ப் படிப்படியாகக் குறைந்தாலும், ஏறத்தாழ மூன்று மாதங்கள் வரை நீடிக்கிறது. மருந்து தீர்ந்துவிட்டதே, இனி அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. அந்த எண்ணமே பலரைக் காலம் தாழ்த்த வைக்கிறது.

எப்போது எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்?

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ மலம் நீராகக் கழிந்து, கடந்த மூன்று மாதங்களுக்குள் நீங்கள் ஆன்டிபயாட்டிக் மருந்து உட்கொண்டிருந்தால், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள், எந்நாளில் முடிந்தது என்பதையும் சொல்லுங்கள். மருந்தின் பெயர் நினைவில் இல்லையெனில் அதன் அட்டையையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ கொண்டுவந்து காட்டினால் போதும்.

வயிறு உப்புதல், தாங்கமுடியாத வயிற்றுவலி, காய்ச்சல், மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், தலைசுற்றல், மயக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் மறுநாள் வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

போக்கை நிறுத்தும் லோபெரமைடு போன்ற மாத்திரைகளை எங்களைக் கேளாமல் கொடுக்காதீர்கள். குடலின் அசைவை அம்மாத்திரை அடக்குகிறது. வெளியேற வேண்டிய நச்சு உள்ளேயே தங்க நேர்கிறது. போக்கு குறைந்தும் வயிறு உப்புவது நலம் பெறுவதன் அடையாளம் அன்று. குடல் தன் இயக்கத்தை இழந்து வருவதன் அடையாளமாக இருக்கலாம். நாம் மேலே குறிப்பிட்ட அம்மையாருக்கு நேர்ந்ததும் இதுவே.

மலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முதியோர் பலர் கூச்சப்படுகின்றனர். மகனிடம் சொல்லத் தயங்கும் தாயும், மருமகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தாமே சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குச் செல்லும் தந்தையும் நம் வீடுகளில் உள்ளனர். அவர்கள் சொல்வார்கள் என்று காத்திராமல், நீங்களே கேளுங்கள். "இன்னிக்கு எத்தனை தடவை போனீங்க, எப்படிப் போச்சு?" என்னும் ஒரு கேள்வி, எங்கள் பரிசோதனைகள் பலவற்றைவிட விரைவாக நோயைக் காட்டிக்கொடுக்கும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

நோயை உறுதிசெய்ய மலப் பரிசோதனை தேவை. நீராகக் கழியும் மலத்தையே பரிசோதனைக்கு அனுப்புவோம். கெட்டியான மலத்தில் இச்சோதனை செய்வதால் பயனில்லை. ஏனெனில், எந்த நோயும் இன்றிக் கிருமியை மட்டும் குடலில் சுமந்திருப்போரும் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. நோய் தீர்ந்த பின் "கிருமி போய்விட்டதா என்று மீண்டும் ஒருமுறை பார்த்துவிடலாமே" என்று பலர் கேட்கின்றனர். குணமடைந்த பின்னரும் பல வாரங்கள் வரை சோதனையில் கிருமி காணப்படலாம். அதனால் வீண் அச்சமே மிஞ்சும். போக்கு நின்றதா, பசி எடுக்கிறதா, உடல் தெம்பு பெறுகிறதா என்பவையே குணத்தின் சான்றுகள்.

சிகிச்சையின் முதற்படி, நோய்க்குக் காரணமான ஆன்டிபயாட்டிக் மருந்தை, இயலுமாயின், நிறுத்துவது. அம்முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்; நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதனுடன், தேவையற்ற அமிலக் குறைப்பு மருந்துகளையும் நிறுத்துகிறோம். 'கேஸ் மாத்திரை' என்று நம் மக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டுவரும் பான்டோபிரசோல், ஒமேபிரசோல் போன்றவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவை உண்மையிலேயே தேவைப்படுவோர் தொடரலாம். ஏனையோர் தம் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நன்று.

கிருமியை அழிக்க வான்கோமைசின் அல்லது ஃபிடாக்சோமைசின் மருந்தைப் பொதுவாகப் பத்து நாள்கள் கொடுக்கிறோம். இவை கிடைக்காத இடத்தில், நோய் கடுமையாக இல்லாதவர்களுக்கு மெட்ரோனிடசோல் பயன்படுகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்தால் வந்த நோய்க்கு மீண்டும் ஆன்டிபயாட்டிக் மருந்தா என்று நீங்கள் வியக்கலாம். வாய்வழி கொடுக்கப்படும் வான்கோமைசினும் ஃபிடாக்சோமைசினும் குடலிலிருந்து இரத்தத்துக்குள் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. நோயுள்ள இடத்திலேயே தங்கி வேலை செய்கின்றன. அம்மையாரின் மருமகள் இரண்டாம் நாள் காலை பதற்றத்துடன் எங்களிடம் வந்தார். செவிலியர் ஊசி மருந்துக் குப்பியை உடைத்து, நீரில் கரைத்து, குடிக்கக் கொடுத்துவிட்டார் என்பது அவர் முறையீடு. செவிலியர் தவறு செய்யவில்லை. வான்கோமைசினை ஊசியாகச் செலுத்தினால் அது பெருங்குடலின் உட்பகுதியைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. ஆகவே, ஊசிக்குரிய பொடியையே கரைத்துக் குடிக்கக் கொடுப்பது ஏற்கப்பட்ட முறை. இதையும் நாங்கள் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும்.

மருந்தைப்போலவே நீரும் உப்பும் முதன்மையானவை. ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கஞ்சி, இட்லி, இரசம் சோறு போன்ற எளிய உணவைப் பசிக்கேற்பக் கொடுங்கள்; பட்டினி போட வேண்டியதில்லை. தயிரும் மோரும் ஒத்துக்கொண்டால் உண்ணலாம். ஆனால் அவை உணவே தவிர, இந்நோய்க்கு மருந்தல்ல. நல்ல நுண்ணுயிர் அடங்கிய புரோபயாடிக் மாத்திரைகளை எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

சானிடைசர் போதாது, சோப்பும் நீரும் வேண்டும்

அந்த மருமகள் தம் மாமியாரை இரவும் பகலும் கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு முறை துணி மாற்றிய பின்னும் கட்டிலருகே மாட்டியிருந்த சானிடைசரைத் தவறாமல் கையில் தேய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள்தான் நாங்கள் அதைக் கவனித்தோம். அவருடைய அக்கறையில் குறையில்லை; வேறு பல கிருமிகளுக்குச் சானிடைசரே நல்ல காப்பு. ஆயின் இந்தக் கிருமிக்கு மட்டும் அது போதாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

சி. டிஃபிசில் கிருமி உடலுக்கு வெளியே 'ஸ்போர்' எனப்படும் வித்தாக மாறுகிறது. கெட்டியான ஓடு போர்த்திய அவ்வித்து கதவுக் கைப்பிடி, கட்டில் விளிம்பு, கழிவறைக் குழாய் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். சானிடைசரிலுள்ள ஆல்கஹால் அதனைக் கொல்வதில்லை. சோப்பும் அதனைக் கொல்வதில்லை. ஆனால் சோப்பிட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவும்போது வித்துகள் கையை விட்டு அகன்று நீரோடு போய்விடுகின்றன. எனவே, நோயாளியைத் தொட்ட பின்பும், அறையை விட்டு வெளியே வரும்போதும், உணவைத் தொடுமுன்பும் சோப்பு நீரால் கைகழுவ வேண்டும். கையுறையைக் கழற்றிய பின்னரும் கழுவ வேண்டும்.

நோயாளியைத் தனியறைக்கு மாற்றுவதும், செவிலியரும் மருத்துவரும் கையுறையும் மேலங்கியும் அணிந்து வருவதும் இதன் பொருட்டே. நோயாளியை ஒதுக்கிவைப்பதாக எண்ணி எவரும் மனம் வருந்த வேண்டாம். அடுத்த கட்டிலில் ஆன்டிபயாட்டிக் பெற்றுவரும் மற்றொரு முதியவரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. பார்க்க வரும் உறவினர் கட்டிலின் மேல் அமராமலும், நோயாளியின் கழிவறையைப் பயன்படுத்தாமலும், அங்கே உணவருந்தாமலும் இருந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

வீடு திரும்பிய பின்

இயன்றால், போக்கு முற்றிலும் நிற்கும்வரை நோயாளிக்குத் தனிக் கழிவறை ஒதுக்குங்கள். இயலாவிட்டால் கழிவறை இருக்கை, தண்ணீர்க் குழாய், குவளை, கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றை நாள்தோறும் குளோரின் கரைசலால் துடையுங்கள். கடைகளில் 4 முதல் 5 விழுக்காடு செறிவில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்க்க வேண்டும். முதலில் சோப்பு நீரால் அழுக்கைக் கழுவிவிட்டு, பின்னர் இக்கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைக்கலாம். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டுடன் இதனை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வெளிப்படும். வெறும் ஃபினாயில் இவ்வித்துகளை அழிப்பதில்லை. அழுக்கான துணிகளைத் தனியே, சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

வீட்டிலுள்ள நலமானவர்களுக்கு இந்நோய் தொற்றி உடல்நலம் கெடுவது அரிது. பேரக்குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடமிருந்து பிரித்துவைக்கத் தேவையில்லை. கைகழுவும் பழக்கம் இருந்தால் போதும்.

மீண்டும் வந்தால்

சிகிச்சை முடித்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் திரும்ப வருகிறது. பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குள். குடலின் நல்ல நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்புமுன் எஞ்சிய வித்துகள் மீண்டும் முளைப்பதே இதற்குக் காரணம். நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்று பொருளல்ல.

பலமுறை திரும்ப வருவோருக்கு, நலமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைத் தூய முறையில் நோயாளியின் குடலுக்கு மாற்றும் சிகிச்சை உண்டு. கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றினும் அது வலுவான ஆய்வுச் சான்றுடையது. 1958ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டென்வர் நகரில் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் கடுமையான குடல் அழற்சியுற்ற நால்வருக்கு இதனைச் செய்து வெளியிட்டுள்ளனர். நெதர்லாந்தில் நடந்து 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நோய் திரும்ப வந்தவர்களுள் இச்சிகிச்சையை ஒருமுறை பெற்ற 16 பேரில் 13 பேர் குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே குணமடைந்தனர். வயல் உவமையில் சொல்வதானால், களையைப் பிடுங்குவதோடு நில்லாமல் மீண்டும் நாற்று நடுவதே இச்சிகிச்சை. கொடையாளரை முழுமையாகப் பரிசோதித்து, உரிய வசதியுள்ள மையங்களில் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும்.

வராமல் காப்பது

இந்நோயைத் தடுக்கும் முதல் வழி, தேவையற்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தவிர்ப்பதே. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுக்குப் பின் ஃபுளூரோகுவினோலோன், செஃபலோஸ்போரின் மருந்துகளின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. தூய்மை விதிகளும் இறுக்கப்பட்டன. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நோய் பெருமளவு குறைந்தது. நம் நாட்டிலும் 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி, அதிலுள்ள ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்பனையைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, பொறுப்பு எங்களுக்கும் உங்களுக்கும் உண்டு. சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் பயன்படாது. நாங்கள் எழுதாதபோது வற்புறுத்திக் கேளாதீர்கள், எழுதும்போது "இது கட்டாயம் தேவையா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் அவமதிப்பாகக் கருதமாட்டோம். சென்றமுறை மிஞ்சிய மாத்திரையை இம்முறை காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்காதீர்கள். அதே வேளையில், நுரையீரல் அழற்சி போன்ற நோய்களில் ஆன்டிபயாட்டிக் உயிர்காக்கும் மருந்து என்பதையும் மறவாதீர்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு அச்சத்தால் மருந்தை நிறுத்திவிடுவது பெருந்தீங்காகும்.

அம்மையார் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள்கள் இருந்தார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுமோ என்று இரு நாள்கள் அஞ்சினோம், தேவைப்படவில்லை. குணமாகி வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் போக்கு மறுபடியும் தொடங்கியது. இம்முறை மருமகள் காலையில் மூன்றாவது தடவை போனவுடனேயே தொலைபேசியில் அழைத்தார். அன்று மாலையே மருந்து தொடங்கினோம். அதனைச் சில வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தோம். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. நோய் அதே நோய், உடலும் அதே முதிய உடல். முதன்முறை நான்கு நாள்கள் கழிந்தன. இரண்டாம் முறை ஒரு பகல் மட்டுமே கழிந்தது.

அதன் பின்னர், ஆன்டிபயாட்டிக் பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு குறிப்பைச் சேர்த்துள்ளோம்: "அடுத்த மூன்று மாதங்களுக்குள் ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால், போக்கை நிறுத்தும் மாத்திரை உட்கொள்ளாமல், உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்." உங்கள் கையிலுள்ள தாளில் அக்குறிப்பு விடுபட்டிருந்தால் எங்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர் எவரோ, அவரிடம் அதனை ஒருமுறை படித்துக்காட்டுங்கள்.